சத்தம் போடாத சங்கிலி

நான் செய்த இரும்புக் கேற் ஒன்றும் திருத்த வேலைக்கென்று என்னிடம் திரும்பி வந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே கனடாவில், ஸ்காபரோவில் எந்தத் தெருவிலாவது காரை நிறுத்திவிட்டு இறங்கிப் பாருங்கள். முன்படிக்கு வைத்த இரும்புக் கைப்பிடியின் நுனியில் தாமரை மொட்டு வளைந்திருந்தால் அது என் கை. கோயில் ஒன்றின் பெரிய கேற்றும் என்னுடையதுதான். இரண்டு ஆள் உயரம், ஒரு விரலால் தள்ளத் திறக்கும், சத்தம் வராது. இரும்பில் சத்தம் வந்தால் செய்தவனுக்குத் தொழில் தெரியாது. எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்த எனக்கு இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. இரவில் உணவகத்தில் கோப்பை கழுவி, பகலில் ஒரு இத்தாலிக்காரனுடைய பட்டறையில் நிலம் கூட்டி, கூட்டுகிற நேரத்தில் கண்ணால் பிடித்த தொழில் இது. பிறகு அந்த இத்தாலிக்காரனே தன் மகளின் வீட்டுக் கைப்பிடிக்கு என்னைத்தான் கூப்பிட்டான்.

என்னிடம் வேலை செய்வித்தவர்களில் பாதிப் பேரின் முகம் எனக்கு ஞாபகமில்லை. ஒருமுறை போய்ப் பொருத்திக் கொடுத்தால் சரி. பிறகு அவர்களுக்கு என்னைக் கூப்பிட ஒரு தேவையும் இருந்ததில்லை.

மனைவி கண்ணை மூடின பிறகு ரூஜில் இருக்கிற என் வீட்டில் ஒரு அறையில் மட்டும்தான் லைற் எரிகிறது. மகன் அஜக்ஸில். நல்ல பிள்ளை, நாள் தவறாமல் போன் எடுப்பான். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், நாலுநூற்றொன்று நெடுஞ்சாலையில் கார் நகராமல் நிற்கிற நேரத்தில் எடுப்பான்.

"அப்பா, சாப்பிட்டீங்களோ?"

"ஓம்."

"மருந்து?"

"ஓம்."

"சரி அப்பா, றோட் கிளியர் ஆயிற்று, வைக்கிறன்."

அந்த நெடுஞ்சாலையில் நெரிசல் கூடிய நாட்களில் எனக்குக் கொஞ்சம் அதிகமாகக் கதை கிடைக்கும்.

அஜக்ஸுக்கு வடக்கே எனக்கு ஒரு காணி இருக்கிறது. கையில் பணம் புழங்கிய காலத்தில் வாங்கியது. அப்போது எல்லாரும் எனக்கு விசர் என்றார்கள். இன்றைக்கு அதே ஆட்கள், "அண்ணைக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு" என்கிறார்கள். தெரிந்துதான் வாங்கினேன். மேட்டுப் பக்கம் முழுக்கப் புல். கீழே ஒரு பள்ளம், பனி உருகினால் தண்ணீர் தேங்கிக் குளமாகும். அங்கே வீடு கட்ட நினைத்தேன். கோயிலுக்குத் தூரம் என்று மனைவி வேண்டாம் என்றாள். அதனால் புல்லை வெட்டிக் காயவைத்துக் கட்டாக எடுக்க ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டேன்.

அவரை நான் ஆட்டுக்காரத் தம்பி என்றுதான் சொல்வது. தம்பி என்றாலும் ஐம்பதை நெருங்குகிறவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறுவயதில், தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, குடும்பத்தோடு ஊரை விட்டு அனுப்பப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்த முஸ்லிம். அந்தக் கதையை நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. என் காணியிலிருந்து கொஞ்சத் தூரத்தில் பழைய கொட்டில் ஒன்றை எடுத்து ஆடு வளர்க்கிறார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு வாங்க ஸ்காபரோவிலிருந்து கார் வரிசையாக வந்து நிற்கும். அவர் வயலுக்கு வருகிற நாட்களில் நானும் பிக்கப்பை எடுத்துக்கொண்டு போவேன். அவருடைய பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி இருக்கும். பிக்கப்பின் பின்பலகையைத் திறந்து விட்டு இருவரும் இருந்து குடிப்போம். ஆட்டைப் பற்றி அவர் சொல்வார், இரும்பைப் பற்றி நான் சொல்வேன். ஒருவர் சொல்வதை மற்றவர் காதில் வாங்குவதில்லை. அது எனக்குப் போதுமாக இருந்தது.

போன வருடம் மே மாதம், நான் தனியாக வயல் கரையில் நின்றபோது ஒரு பெண்பிள்ளை ரப்பர் சப்பாத்தும் கழுத்தில் தூரக்கண்ணாடியுமாகப் பள்ளப் பக்கத்திலிருந்து ஏறி வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே எங்கடை பிள்ளை என்று தெரிந்துவிட்டது.

"அங்கிள், நீங்கதான் ஓனரா?"

"ஓனரும் நான்தான், காவல்காரனும் நான்தான். நீர் ஆர்? என்ன துலைச்சனீர் அதுக்குள்ள?"

அவள் ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவள். நீர்ப்பறவைகளைக் காக்கிற ஒரு அமைப்பில் வேலை. கோடையில் பாதி நாள் மேற்கே, பிரெய்ரிப் புல்வெளிப் பக்கம், பெரிய பெரிய வயல்காரர்களோடு கதைத்துத் திரிகிறாளாம். தாராக்கள், அந்தக் காட்டு வாத்துகள், குஞ்சு பொரிக்கும் வரைக்கும் புல்லை வெட்டாமல் விடுங்கள், பள்ளத்துத் தண்ணீரை வடித்து விடாதீர்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்பதுதான் வேலை. மிச்ச நாளில் இங்கே, இப்படிச் சின்னக் காணிகளில்.

"உமக்குச் சம்பளம் தாறாங்களோ இதுக்கு?" என்று கேட்டேன்.

"தருவாங்க அங்கிள். அம்மாவும் இதைத்தான் கேக்கிறவ."

தாராவைப் பற்றி எனக்கு நீர் சொல்லித் தர வேண்டாம், அது தண்ணீரில் நிற்கிற சாமான், புல்லை வெட்டினால் அதற்கென்ன என்றேன். அவள் வாதாடவில்லை. "வாங்க, என்ர காலடியிலேயே வாங்க" என்று முன்னால் நடந்தாள். நேராக நடக்காமல் வளைந்து வளைந்து போனாள். நேராகப் புல்லை மிதித்தால் நரி அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு கூட்டுக்கே வந்துவிடுமாம். தண்ணீரை விட்டு நல்ல தூரத்தில், நான் இத்தனை வருடமும் நடந்து திரிந்த மேட்டில், என் சேர்ட் கையைப் பிடித்து நிறுத்தினாள். நான் ஒன்றையும் காணவில்லை. இன்னும் அரை அடி வைத்தேன். காலடியில் இருந்து ஒன்று வெடித்தாற்போல் கிளம்பி என் முழங்காலில் இறகு பட எழும்பிப் போனது. கிழவன் ஆனாலும் நான் லேசில் பயப்படுகிறவன் இல்லை. அன்றைக்குப் பின்பக்கமாக விழுந்துவிட்டேன்.

விழுந்த இடத்திலிருந்து பார்க்கத்தான் தெரிந்தது. புல்லை வளைத்து, உள்ளே தன் நெஞ்சுப் பஞ்சைப் பிடுங்கிப் போட்டு, அதில் மங்கல் நிற முட்டைகள். மேலே புல் கூரை போல.

"நீலச் செட்டைத் தாரா," என்றாள் அவள். "கடைசி நிமிசம் வரைக்கும் எழும்பாது அங்கிள். நல்ல அம்மா. அதுதான் பிரச்சினை. மெசின் வந்தாலும் இருக்கும்."

ஜூலை நடுப்பகுதி வரை வெட்டாமல் விடச் சொல்லிக் கேட்டாள். என்னுடைய காணி, நான் சொன்னால் சொன்னதுதான் என்றேன். உண்மையில் புல் என்னுடையது இல்லை.

நான் இதைச் சொன்னதும் ஆட்டுக்காரத் தம்பி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணை, ஆடெண்டால் மாடு மாதிரி இல்லை. தண்டு முத்தினாப் பிறகு வெட்டிப் போட்டா, மோந்து பாத்திட்டுத் தள்ளி விட்டிடும். ஜூனில வெட்டினாத்தான் புல்லு."

"பெருநாளுக்குத்தான் பாதி ஆடு போயிடுமே. மிஞ்சிறதுக்கு உவ்வளவு வடிவான புல்லு ஏன்?"

"மிஞ்சிறதுதான் அண்ணை குட்டி போடப் போறது. அதுக்குத்தான் நல்ல சாப்பாடு வேணும். உங்களுக்கு இரும்பு தெரியும். ஆடு தெரியாது."

"தெரியாட்டி என்ன? எட்டாம் வகுப்பு படிச்சிட்டு நான் இந்தக் காணியை வாங்கேல்லையோ?"

"வாங்கினனீங்கள். ஆனா தின்னுறது என்ர ஆடு."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். அவருடைய கொட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு காணி குத்தகைக்கு வருகிறதாம். தட்டையான நிலம், பள்ளமும் இல்லை, தாராவும் இல்லை. "இந்த வருசம் நீங்கள் சொல்லுறபடி செய்யிறன். புல்லு பழுதாப் போனால் வாற வருசம் நான் அங்க மாறிடுவன் அண்ணை. கோவிக்கக்கூடாது."

நான் கோவிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் போனால் நான் அந்த வயலுக்குப் போய் என்ன செய்வது? புல்லைப் பார்த்துக்கொண்டு தனிய நிற்பதா? அதை ரூஜில் யன்னலோரம் நின்றே செய்யலாம்.

அந்தப் பிள்ளையை மறுபடி கூப்பிட்டேன். மூவரும் பிக்கப் பலகையில் இருந்து பேசி ஒரு வழி கண்டோம். பள்ளத்தைச் சுற்றிய புல் ஜூலை வரை நிற்கட்டும். மேட்டுப் புல்லை ஜூனில் வெட்டலாம், ஆனால் கரையிலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வராமல், நடுவில் தொடங்கி வெளியே போக வேண்டும். கரையிலிருந்து வந்தால் பறவையெல்லாம் நடுவில் ஒதுங்கி மாட்டிக்கொள்ளும். அதோடு ட்ரக்டரின் முன்னால், வெட்டப் போகிற புல்லுக்கு மேலே நீட்டினபடி ஒரு பைப். அதில் சங்கிலிகள் தொங்க வேண்டும். வெட்டுகிற பிளேட் வருவதற்கு முன் சங்கிலி தாராவை எழுப்பிவிடும். எழும்புகிற இடத்தில் மெசினைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனால் கூடு தப்பும். மேற்கே ஒரு வயல்காரர் செய்து வைத்திருந்ததைப் போனில் படமாகக் காட்டினாள். துருப் பிடித்த பைப், கம்பியால் சுற்றிக் கட்டின சங்கிலி.

"உதுவும் ஒரு வேலையோ?" என்றேன். "நான் செய்து தாறன், பாரும்."

நல்ல நாட்கள் அவை. கராஜில் மறுபடி வெல்டிங் நெருப்பு எரிந்தது. மகன் எடுத்தபோது, "வேலையா நிக்கிறன், பிறகு எடு" என்றேன். அப்படி நான் சொல்லி வருடக்கணக்காகிறது. சதுரக் குழாய் எடுத்தேன். சங்கிலிகளை ஒரே அளவாக வெட்டி, ஒரே இடைவெளியில் ஒட்டினேன். ஒன்றோடொன்று சிக்கக்கூடாது என்று கீழ் நுனிகளை ஒரு மெல்லிய கம்பியால் சேர்த்தேன். ஒட்டின இடமெல்லாம் அராவி, கை வைத்தால் வழுக்குகிற மாதிரி ஆக்கி, சட்டம் முழுக்கப் பச்சைப் பெயின்ற் அடித்தேன். குழாயின் இரண்டு நுனியிலும் தாமரை மொட்டு. தூக்கி ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை.

தம்பி கண்டவுடன் சொன்னார். "அண்ணை, இது கேற் மாதிரியெல்லோ கிடக்குது."

"வேலை தெரிஞ்சவன் செய்தா அப்பிடித்தான் இருக்கும்."

அந்தப் பிள்ளை மேற்கே போயிருந்தாள். இருந்திருந்தால் பார்த்த உடனே பிழையைச் சொல்லியிருப்பாள்.

ஜூனில் நல்ல வெயில் பிடித்த நாள் ஒன்றில் வெட்டத் தொடங்கினார். நான் பிக்கப்பில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் தொடங்கி வெளியே வந்தார், சொன்னபடியே. என்னுடைய பச்சைச் சட்டம் புல்லின் தலையைச் சீப்பால் இழுப்பதுபோல் தடவிக்கொண்டு போனது. அவ்வளவு அழகு. சின்னப் பறவைகள் சில அங்கங்கே எழும்பின. நான் மனதுக்குள் அடுத்ததாக இன்னும் அகலமாக ஒன்று செய்வதைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது ட்ரக்டர் நின்றது.

அவர் இறங்கிப் பின்னால் போய்க் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. நான் நடந்து போனேன்.

தாரா அதே இருப்பில் இருந்தது. தலை இல்லை. முட்டைகள் உடைந்து மஞ்சளும் குருதியுமாக வெட்டின புல்லில் ஒட்டிக்கிடந்தன. ஒரு முட்டையில் குஞ்சு இறகோடு தெரிந்தது. இன்னும் சில நாளில் வெளியே வந்திருக்கும்.

"நான் ஆடு அறுக்கிறவன் அண்ணை," என்றார் அவர். "உயிரை எடுக்கிறதெண்டா அதுக்கொரு முறை இருக்கு. படைச்சவன்ர பேரைச் சொல்லித்தான் கை வைப்பன். இது என்ன கணக்கு?"

அவர் சட்டத்தைக் கையால் தள்ளிப் பார்த்தார். அது அசையவும் இல்லை, முனகவும் இல்லை.

"உங்கட சாமானில சத்தம் எங்க? தலையைத் தடவிக்கொண்டு போனா அது ஏன் எழும்பும்? நல்லாக் கண்ணயர்ந்திருக்கும்."

அன்றைக்கு அதற்கு மேல் வெட்டவில்லை. மழை வரப்போகிறது, நாளை மத்தியானம் வரைக்கும் பொறுப்பேன், அதற்குப் பிறகு எது இருந்தாலும் வெட்டத்தான் வேண்டும், இல்லாவிட்டால் புல்லும் போய்விடும் என்றார். பிளாஸ்கைத் திறக்காமலே போனார்.

சட்டத்தைக் கழற்றி பிக்கப்பில் போட்டுக்கொண்டு நேரே கராஜுக்கு வந்தேன். வாழ்நாள் முழுக்க இரும்பின் வாயை மூடிப் பழகின கை இது. நான் ஒட்டினதை நானே வெட்டினது அந்த ஒரு பின்னேரத்தில்தான். கீழே சேர்த்திருந்த கம்பியை அறுத்தெறிந்தேன். சங்கிலிகளைக் கழற்றிப் பெரிய வளையங்களில் தொளதொளவென்று கொழுவினேன். ஒன்று நீளம், ஒன்று கட்டை. நுனிகளில் பழைய டப்பாவில் கிடந்த பெரிய நட்டுகளைக் கோத்தேன், ஒன்றோடொன்று அடிபடட்டும் என்று. மொட்டுகள் புல்லில் சிக்கும், அவற்றையும் வெட்டினேன். வெறிகாரன் ஒருவன் செய்ததுபோல் இருந்தது. தூக்கி உலுக்கினேன். எதிர் வீட்டுச் சீனக்காரர் கதவைத் திறந்து வெளியே வந்தார். எதிரே இத்தனை வருடம் இருந்தும் அவர் என்னைப் பார்க்கவென்று வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. நான் சங்கிலியைக் காட்டினேன். அவர் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் ட்ரக்டரில் பூட்டினோம். ட்ரக்டர் அசைந்ததும் வயல் முழுக்கச் சட்டிபானை உருண்டதுபோல் சத்தம். எனக்கு உடம்பு கூசியது. நான் செய்த சாமானிலிருந்து அப்படி ஒரு சத்தம் வருகிறது. பிக்கப் யன்னலை ஏற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது ஓட்டத்தில் சங்கிலிக்கு முன்னால் ஒரு தாரா எழும்பியது. செட்டையில் அந்த நீலம் வெயிலில் ஒருமுறை மின்னியது. ட்ரக்டர் நின்றது. மெசின் மேலே எழும்பியது, வளைந்து சுற்றிப் போய், மறுபடி இறங்கியது. நடுவில் ஒரு பாய் அளவு புல் நின்றது. அவர் ஆசனத்தில் இருந்தபடி என் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். யன்னல் ஏற்றியிருந்தது, கண்டாரோ தெரியாது.

மத்தியானத்துக்கு முன் இன்னும் சில இடத்தில் நின்று நின்று போனார். முடிந்த பிறகு பார்த்தால், கண் தெரியாத சலூன்காரன் வெட்டின தலைபோல், அங்கங்கே குடுமி விட்ட வயல். தம்பி பிளாஸ்கைத் திறந்தார்.

"வடிவில்லாத வேலை அண்ணை," என்றார்.

"எது? உம்மட வெட்டோ?"

"உங்கட சங்கிலியும்தான்."

மழை நாங்கள் நினைத்ததை விடப் பிந்தித்தான் வந்தது. புல் காய்ந்து கட்டாகிவிட்டது. ஜூலையில் அந்தப் பிள்ளை வந்து குடுமிகளைப் பார்த்தாள். வெறும் கூடுகள், உள்ளே உடைந்த ஓட்டுத் துண்டுகள் மட்டும். ஒன்றை நரி கண்டுபிடித்திருந்தது. மற்றவை பொரித்துக் குளத்துக்குப் போய்விட்டன. தூரக்கண்ணாடியை என்னிடம் தந்தாள். குளத்தில் ஒரு தாய், பின்னால் குஞ்சுகள், புல்லுக்குள் போவதும் வருவதுமாக. எண்ண முயன்றேன், அவை ஓரிடத்தில் நிற்கவில்லை. செத்துப்போன அந்தத் தாராவைப் பற்றி அவளிடம் தம்பிதான் சொன்னார். சட்டத்தைப் பற்றிச் சொல்லவில்லை. "மெசினுக்குத் தெரியேல்லை" என்று மட்டும் சொன்னார். நான்தான், "என்ர சாமானில சத்தம் வரேல்லை பிள்ளை, அவ்வளவு நேர்த்தி" என்று சொன்னேன். அவள் எப்படி முகத்தை வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. தம்பி மற்றக் காணிக்கு மாறிவிடுவாரோ என்று கேட்காமலே இருந்தேன். மரங்கள் நிறம் மாறின காலத்தில் தம்பி ரூஜுக்கு வந்தார். முதல் தடவை என் வீட்டுக்கு வருகிறார். நான் சோறு வைத்து, முஸ்லிம் கடையில் இறைச்சி வாங்கிச் சமைத்து வைத்திருந்தேன். சட்டத்தைக் கராஜ் சுவரில் தொங்கவிட்டிருந்தேன். வருகிற வருடம் வேண்டுமென்றால் இங்கே வந்துதானே எடுக்க வேண்டும், திருப்பிக் கொண்டுவந்துதானே வைக்க வேண்டும் என்று ஒரு கணக்கு.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சொன்னார். "பள்ளத்துப் புல்லு தண்டுதான் அண்ணை. கிடாயளுக்குப் போட்டன், முணுமுணுத்துக்கொண்டு தின்னுதுகள். மேட்டுப் புல்லு திறம். நான் மாறேல்லை. வாற வருசமும் இங்கதான்."

நான் இன்னும் கொஞ்சம் சோறு போட எழும்பினேன். வேண்டாம் என்று கையை மறித்தார்.

"அந்தச் சங்கிலியை எடுத்துக்கொண்டு போறன் அண்ணை. பக்கத்துக் காணிக் கமக்காரர் இரண்டு பேர் கேட்டவை. அந்தப் பிள்ளை சொல்லியிருக்குது. என்ர கொட்டிலில தொங்கினால் ஆளாளுக்கு எடுத்துக்கொண்டு போகச் சுகம். உங்களுக்கு ஏன் கரைச்சல், இடத்தை அடைச்சுக்கொண்டு."

"கரைச்சல் இல்லை," என்றேன்.

"தெரியும். எண்டாலும்."

நானே ஒரு பக்கம் பிடித்து அவருடைய வாகனத்தில் ஏற்றிவிட்டேன். தெரு முடிவு வரைக்கும் அது கலகலத்துக்கொண்டு போனது.

இப்போது பனிக்காலம். வயலில் ஒருவருக்கும் வேலை இல்லை. போன கிழமை நானே தம்பிக்கு எடுத்தேன். கொட்டிலுக்குள் நின்றிருக்கிறார், பின்னால் குட்டிகள் கத்துகிற சத்தம் கேட்டது.

"தம்பி, அந்தச் சங்கிலியள் ஏதும் கழண்டிருக்கும். எல்லாரும் வந்து இழுத்து இழுத்துப் பாத்திருப்பினம். ஒருக்கா ஏத்திக்கொண்டு வாரும், பாத்துத் தாறன்."

"பொறுங்கோ அண்ணை, பாக்கிறன்." அவர் போய் உலுக்குவது போனில் கேட்டது. எல்லாச் சங்கிலியும் சேர்ந்து கலகலவென்றன. அந்தச் சத்தம் எனக்கு இப்போது கூசவில்லை. இன்னும் ஒருக்கால் உலுக்கினால் நல்லது என்றிருந்தது.

"ஒண்டும் கழரேல்லை அண்ணை. நீங்கள் செய்தது கழருமோ?"

"அதுதானே," என்றேன்.

போனை வைத்துவிட்டுக் கராஜுக்குப் போய்க் கதவைத் திறந்தேன். அந்தக் கதவுக்கும் நான்தான் எண்ணெய் விடுகிறது. சத்தம் வராது.